பிரேக்கில் காற்று

புதன்கிழமை, இரவு.

ஒரகடம் கார் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பாவின் பழைய அம்பாசிடருக்கு அடியில் படுத்தேன். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று. கம்பெனியில் இதை மெஷினே எடுத்துவிடும். வீட்டிலோ ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கீழே காற்று வெளியேற நட்டைத் திறக்க வேண்டும். சண்டைக்குப் பிறகு ஒரு வாரமாகப் பேசாத மனைவியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. தப்பு என் மேல்தான் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அதைச் சொல்லத்தான் தெம்பில்லை.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"அப்டியே புடி. இப்ப வுடு."

நாலு சக்கரமும் முடிந்தன. கடைசியில் எண்ணெய் குமிழி இல்லாமல் வந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும், "இன்னும் காத்து கீது, நாளைக்கும் பாக்கணும்" என்றேன்.

பெடல் கல்லாக இறுகிவிட்டது அவள் காலுக்குத் தெரியாமல் இருக்காது.

"சரி, நாளைக்கும் மிதிக்கிறேன்" என்றாள்.