தழும்பு இடம் மாறிய முகம்

5-8-2001, ஞாயிறு

குஜராத்தில் பூமி ஆடி ஊர் ஊராக இடிந்த வருஷம். தில்லியில் குரங்கு மனிதன் வருகிறான், நகத்தால் பிறாண்டுகிறான் என்று மே மாசம் முழுக்க ஜனங்கள் மொட்டை மாடியில் படுக்கப் பயந்த வருஷம். எனக்கு வருஷக் கணக்கெல்லாம் இப்படித்தான். எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. நடந்தது தெரியும்.

நான் சொல்கிறேன், மருமகள் உஷாராணி எழுதுகிறாள். பூசா ரோடு பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் துருப்பிடித்துப் போகிறது என்று அவளே கேட்டாள். "நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுதறேன். என்னைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லக் கூடாது."

சரி தாயி. மறந்துபோகும் என்று எழுதச் சொல்லவில்லை. எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் சங்கடம். சொன்னால் கொஞ்சம் இறங்குகிறது.

இன்றைக்குச் சாம்பாரில் உப்பு கூட. (எழுதிவிட்டாள். நல்லவள்.)

12-8-2001

இதே தில்லியில் துவாரகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். காலேஜில் சினிமா படிக்கிறாளாம். ஜீன்ஸ், தோளில் பெரிய பை. உஷா தண்ணீர் கொடுத்தாள்.

"நான் சுஜாதா, தாத்தா. கருப்பசாமி தாத்தாவோட பேத்தி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்து மூன்று வருஷமாக இந்த வீட்டில் சொல்லாத பெயர்.

பரீட்சைக்கு ஏழு நிமிஷத்தில் ஒரு குறும்படம் எடுக்க வேண்டுமாம். பேச்சே கிடையாது. இரண்டு கிழவன்கள். ஒருவனை ஒரு வீட்டில் எடுப்பாள், இன்னொருவனை வேறொரு வீட்டில். ஒட்டிவிட்டால் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்குமாம். ஒருவன் அவள் தாத்தா.

"இன்னொருத்தர் நீங்கதான்னு தாத்தா சொல்லிட்டார்."

"அவனா சொன்னான்?"

"'வேற எவன் மூஞ்சியும் வேண்டாம், நல்லசிவத்தைப் போய்க் கேளு'ன்னார். தீபாவளி முடிஞ்சதும் நாங்க தில்லியைக் காலி பண்றோம் தாத்தா. அப்பாவுக்கு ஏர்போர்ட்ல திருவனந்தபுரம் ட்ரான்ஸ்ஃபர். நான் மட்டும் ஹாஸ்டல். தாத்தா இனிமே இங்க வர மாட்டார்."

முடியாது என்றேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். வாசலில் உஷாவிடம் அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. "பிடிவாதம் ரெண்டு வீட்லயும் ஒரே சைஸ்தான் ஆன்ட்டி."

26-8-2001

மறுபடி வந்துவிட்டாள். விட மாட்டாள் போலிருக்கிறது.

"எனக்கு நடிக்க வராதும்மா" என்றேன்.

"அதுக்குத்தான் நீங்க வேணும்!" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இத்தாலியில் யுத்தம் முடிந்த சமயம். ஸ்டூடியோ இல்லை, காசு இல்லை. காமிராவைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய், கூலிக்காரனையே கூலிக்காரனாக நிறுத்திப் படம் எடுத்தார்களாம்.

"சம்பளம் கொடுத்தானா அவனுக்கு?"

"அது மாலூம் நஹீ தாத்தா" என்று சிரித்தாள்.

அப்புறம் பிரான்ஸ். வாலிபப் பையன்கள் காமிராவைத் தோளில் வைத்துக்கொண்டு, பேச்சைப் பாதியில் வெட்டி, அடுத்த இடத்துக்குத் தாவி எடுத்தார்களாம். "நம்ம வீட்டுக்காரர் பேசற மாதிரி" என்றாள் உஷா. பேப்பருக்குப் பின்னாலிருந்து என் மகன் இராஜமாணிக்கம், "என்ன, என் பேரு அடிபடுது?" என்றான். பதில் கேட்காமல் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டான்.

கடைசியாக ஒரு ரஷ்யாக்காரர். ஒரே முகம், ஒரே படம். அதை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால், பாவம் பசி என்றார்களாம் ஜனங்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் என்ன துக்கம் என்றார்களாம். விளையாடுகிற குழந்தைக்குப் பக்கத்தில் ஒட்டினால் என்ன பாசம் என்றார்களாம். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"அப்போ முகத்துல ஒண்ணுமே இல்லையா?"

"பக்கத்துல எதை வெக்கிறோமோ, அதான் தாத்தா."

அவள் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரு முகம் இருக்கிறது. அதை நான் எதற்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்? இத்தனை வருஷமாக ஜெயில் கேட்டுக்குப் பக்கத்தில். வேறு எதற்காவது பக்கத்தில் வைத்துப் பார்த்தேனா?

உஷா, அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணி வரச் சொல்லும்மா. படத்துக்கு மட்டும். வேறு ஒன்றும் இல்லை.

12-9-2001

அமெரிக்காவில் அந்தக் கட்டிடம் நேற்றிலிருந்து டிவியில் விழுந்துகொண்டே இருக்கிறது. அணைக்கச் சொல்லிவிட்டேன்.

19-9-2001

உஷா தேதியை வாய்விட்டுச் சொல்லி எழுதினாள். செப்டம்பர் பத்தொன்பதா? இதே நாள்தான். அறுபத்தெட்டாம் வருஷம்.

நாங்கள் நாலு பேர். நான், கருப்பசாமி, கோபாலன், பட்டாபி. ஒரே ரயிலில் வந்தவர்கள், ஒரே ஆபீஸில் ப்யூன், கல்யாணம் ஆகும்வரை கோட்லாவில் ஒரே அறை. சென்ட்ரல் கவர்மெண்ட் ஊழியர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்றார்கள். நாலு பேரும் ஆபீஸுக்குப் போவதில்லை என்று கை அடித்துக்கொண்டோம். மூன்று பேர் போகவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போய்த் திகார் ஜெயிலில் வைத்தது. கருப்பசாமி மட்டும் பின்கேட் வழியாக ஆபீஸுக்குள் போனான்.

அதைக்கூட நான் பெரிசாக எடுக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரன், பயந்திருப்பான். வெளியே விட்ட அன்றைக்கு லோதி ரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். நான் தாடியும் அழுக்குச் சட்டையுமாக, சந்தோஷமாகத்தான் கூப்பிட்டேன். "ஏலே கருப்பு!" பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வேலை திரும்பக் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. என் சந்திரம்மாள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஒரு நாள்கூட என்னைக் குத்திப் பேசியதில்லை. அதெல்லாம் போய்விட்டது. அவளும் போய்விட்டாள். அந்த முகம் மட்டும் — வலிச்சுது உஷா. அப்படியே எழுது. வலிச்சுதுன்னே எழுது.

7-10-2001

படப்பிடிப்பு! சுஜாதாவும் கூடப் படிக்கிற ஒரு பஞ்சாபிப் பெண்ணும் வந்து ஹாலையே புரட்டிப் போட்டார்கள். முக்காலியில் காமிரா. பஞ்சாபிப் பெண் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தாள். உஷாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் காமிராவுக்குப் பக்கத்தில் திரைச்சீலையில் ஒட்டினார்கள்.

"அந்தப் பொட்டுதான் எங்க தாத்தா. அதையே பாருங்க. நடிக்காதீங்க."

கருப்பசாமியைப் பொட்டாக ஆக்கிவிட்டார்கள். சிரிப்பு வந்தது. "சிரிக்கவும் கூடாது!"

வெயில் நகர்ந்து வந்து, ஆபரேஷன் செய்த கண்ணில் குத்தியது. நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னேன். பொட்டையும் எடுத்து மறுபக்கம் ஒட்டினார்கள். உட்கார்ந்து பொட்டையே பார்த்தேன். முதலில் கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லையே என்று ஓடியது. அப்புறம் ஒன்றும் ஓடவில்லை. எவ்வளவு நேரமோ. "கட்" என்ற சத்தம் கேட்டுத்தான் திடுக்கிட்டேன்.

பஞ்சாபிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பஹுத் அச்சா, அங்கிள்ஜி" என்றாள். நான் என்ன செய்தேன்? உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் உப்புமா சாப்பிட்டோம்.

21-10-2001

சுஜாதா வாடிப்போய் வந்தாள். காமிராவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்த்தால் தப்பாக வந்திருக்கிறதாம். என்னால்தான். அவள் தாத்தா வலது பக்கம் பார்க்கிறார். நான் இடது பக்கம் பார்க்க வேண்டும். நாற்காலியைத் திருப்பியதால் நானும் வலது பக்கமே பார்க்கிறேன். எதிரெதிரே இருக்கிற மாதிரி இல்லை. ஆளுக்கு ஆள் முகம் கொடுக்காமல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

"ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு கோடு இருக்கு தாத்தா. காமிரா அதைத் தாண்டக் கூடாது. கிளாஸ்ல முதல் பாடமே அதான். வெயில் அவசரத்துல நானே தாண்டிட்டேன்."

"கோடு எங்க போட்டிருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாது. தாண்டினா தெரிஞ்சுடும்."

அவளிடம் ஒரு வழி இருக்கிறதாம். ஒருவர் முகத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டுவிடலாம். "யார் முகத்தைத் திருப்பறதுன்னுதான்... உங்களை முதல்ல கேக்கலாம்னு..."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "என் மூஞ்சியை எவனுக்காகவும் திருப்ப மாட்டேன்! போய்ச் சொல்லு உங்க தாத்தன்கிட்ட!"

டீ குடிக்காமல் போய்விட்டாள். சின்னப் பெண். அவள் என்ன செய்தாள்? உஷா சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை. இதையும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறாள்.

28-10-2001

சுஜாதா உஷாவுக்குப் போன் செய்தாளாம். நான் கத்தியதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. முகத்தைத் திருப்ப வேண்டும் என்று மட்டும்தான் ஆரம்பித்திருக்கிறாள். அதற்குள் கருப்பசாமி சொன்னானாம்:

"என் மூஞ்சியைத் திருப்பு புள்ள. அவன் மூஞ்சியைத் தொடாத. அவன் சரியாத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்."

உஷா பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

போதும்மா. இன்றைக்கு இவ்வளவுதான்.

14-11-2001

தீபாவளி. உஷா துவாரகாவுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினாள். டப்பாவை நன்றாக மூடச் சொன்னேன், அவ்வளவுதான்.

24-11-2001, சனி

நேற்று எழுத முடியவில்லை. படம் போட்டது நேற்று.

காலேஜில் சின்ன ஹால். உஷா என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் குரங்குக் குல்லா போட்ட ஒரு கிழவன் வந்து உட்கார்ந்தான். நான் திரும்பவில்லை. இருமல் சத்தம் கேட்டது. இருமல் மாறவே இல்லை.

விளக்கை அணைத்தார்கள். முதலில் ஒரு மின்விசிறி, வெறும் சத்தம். அப்புறம் என் முகம். எனக்கே பயமாக இருந்தது, இவ்வளவு வயசா? அப்புறம் அவன் முகம். திருப்பிப் போட்ட முகம். என்னைப் பார்த்தது. மறுபடி நான். மறுபடி அவன். எல்லோருக்கும் அந்த இரண்டு கிழவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்குத்தான் உறுத்தியது. என்னமோ சரியில்லை. மூன்றாவது தடவை அந்த முகம் வந்தபோது பிடிபட்டது. தழும்பு. கருப்பசாமிக்கு இடது புருவத்தில் தழும்பு. திரையில் அது வலது புருவத்துக்குப் போயிருந்தது.

அந்தத் தழும்பு கோட்லா அறையில் விழுந்தது. முதல் குளிர்காலம், நாலு பேருக்கு ஒரே ரஜாய். அவன் இழுக்க, நான் இழுக்க, அவன் கதவு முனையில் போய் இடித்துக்கொண்டான். பட்டாபி மஞ்சளை வைத்து அமுக்கினான். கோபாலன் அந்தச் சந்தடியில் ரஜாயை முழுசாக எடுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான். ரத்தம் வழியக் கருப்பசாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த முகமும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

திரையில் என்னைப் பார்ப்பவன் கருப்பசாமி இல்லை. வேறு யாரோ கண்ணாடிக்குள் இருப்பவன். நான் திரும்பினேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதிருந்தோ தெரியாது. தழும்பு அதன் இடத்தில் இருந்தது.

"தழும்பை மாத்திட்டாளேலே" என்றேன்.

"நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும்" என்றான்.

"அன்னைக்கு ஏம்லே திருப்பினே?"

"வெக்கமா இருந்துச்சு."

"முப்பத்து மூணு வருஷமாவா?"

"வெக்கத்துக்கு ரிட்டயர்மெண்ட் உண்டா வே?"

முன்வரிசையில் யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். உஷா எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, "நான் வேணா எந்திரிச்சு மாறி உக்காரட்டுமா மாமா?" என்றாள். மாறி உட்கார்ந்தாள். மிச்சப் படத்தை நாங்கள் பார்க்கவில்லை. அவன் கை ஜில்லென்று இருந்தது.

விளக்குப் போட்டதும் வாத்தியார், சட்டைப் பை வலது பக்கம் போயிருப்பதைச் சுட்டிக்காட்டி, முகத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாய், அது குறுக்கு வழி என்றாராம். சுமாரான மார்க்தான். சுஜாதா அதைக் கேட்டுக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

2-12-2001

கேரளா எக்ஸ்பிரஸ். ஸ்டேஷனுக்குப் போனேன். தெரிந்த விஷயங்களைப் பேசினோம்: முழங்கால், சர்க்கரை, உஷாவின் அதிரசம். ("சொன்னீங்களா மாமா? என்ன சொன்னார்?" நன்றாக இருந்தது என்றான் தாயி. எழுது.)

வண்டி நகர்ந்தது. தலையை ஜன்னல் கம்பியில் ஒட்டி வைத்துக்கொண்டு, பிளாட்பாரம் முடிகிறவரை இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனான்.

14-1-2002, பொங்கல்

பனிமூட்டத்தில் சூரியன் தெரியவில்லை. உஷா பால்கனியில் குக்கரில் பொங்கினாள்.

மத்தியானம் சுஜாதா போன் செய்தாள். படத்தைக் கல்கத்தாவில் ஒரு போட்டிக்கு அனுப்புகிறாளாம். கடைசியில் பெயர்கள் ஓட வேண்டும். "யார் யார் பேர் போடணும் தாத்தா, சொல்லுங்க. இல்லாதவங்க பேரை முதல்ல 'நினைவாக'ன்னு தனியாப் போட்டுடுவேன்."

சொன்னேன். பட்டாபி. சீக்கியர் கலவரம் நடந்த குளிர்காலத்தில் போனான். பாடை கட்ட மூங்கில் வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. கோபாலன். வெங்காயம் கிலோ ஐம்பது ரூபாய் விற்ற வருஷம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டே போனான். சந்திரம்மாள்.

"அவங்க உங்க கூட வந்த நாலு பேர்ல இல்லையே தாத்தா?"

"போடும்மா."

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "அச்சா. உங்க பேரு எனக்குத் தெரியும். உங்க கூட வந்தவங்கள்ல, இப்ப இருக்கறவங்க? நீங்களே சொல்லணும்."

உஷா ஒரு கையில் கரண்டியோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கருப்பசாமி" என்றேன்.