மஞ்சள் நாடா வைத்த பனியன்

அப்பா,

இன்று காலை சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கையிலிருந்த துணி ஆரஞ்சு நிறம் என்பதைக் கவனித்தேன். நம் திருப்பூரில் எந்த வீட்டிலும் கரித்துணிக்குப் பஞ்சமில்லை. பழைய பனியன்கள் கிழிபட்டு அடுப்படிக்கு வந்து சேரும். எது எப்போது வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. இதைக் கிழித்தது நானாகத்தான் இருக்கும். பிழிந்து உதறியபோது கழுத்துப் பகுதி மட்டும் முழுதாக இருந்தது. உள்பக்கம் மஞ்சள் நாடா. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மதியின் பனியன் அது. கேரவன் பயணத்துக்காக உங்கள் பேத்திக்கு நீங்கள் தைத்தது.

அந்த வருடம் தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் மூடியதும் உங்கள் மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து அந்த வண்டியை வாடகைக்கு எடுத்துவந்தார். உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. அம்மா ஏறிப் பார்த்துவிட்டு, "சினிமாக்காரியாட்ட இதுக்குள்ள ஒக்காந்துட்டு வரோணுமாக்கு?" என்றாள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, பிறகு கேரளா வழியாக வீடு என்று திட்டம். காலமெல்லாம் கட்டிங் மாஸ்டராக இருந்த நீங்கள், ஏதோ ஆர்டரில் மிஞ்சிய ஆரஞ்சுத் துணியை வாங்கிவந்து எல்லோருக்கும் டீ-சர்ட் பனியன் வெட்டித் தைத்தீர்கள். ஆள் மாறிப் போட்டுக்கொள்ளாமலிருக்க ஒவ்வொருவர் கழுத்துக்கும் ஒரு நிறத்தில் நாடா. எனக்குப் பச்சை, மதிக்கு மஞ்சள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் குடும்பத்தோடு ஒரே நிறத்தில் ஊர்வலம் போவதா என்று நான் தயங்கினேன். "கூட்டத்துல தொலைஞ்சு போனாக் கண்டுபுடிக்கலாமல்லோ கண்ணு" என்றீர்கள்.

உங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருடைய டீ-சர்ட்டின் கழுத்தைப் புரட்டி, தையலையும் துணியையும் பார்ப்பீர்கள். திருப்பூர் டவுன் பஸ்ஸில் இது ஒரு குற்றமே இல்லை. அவரும் திரும்பி, "எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்பார், இறங்குகிற வரை பேச்சு ஓடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது கூச்சமாக இருந்தது. "தொட்டுப் பாக்காம எப்படித் தெரியும்?" என்பதுதான் எப்போதும் உங்கள் பதில்.

இரண்டாம் நாள் காலை, மதுரையைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். உங்களுக்கு முன்னால் நீல டீ-சர்ட் போட்ட ஒரு நெட்டையான ஆள். நான் வண்டிக் கதவருகே இருந்தேன். உங்கள் கை உயர்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிடுவதற்குள் அவர் கழுத்தைப் புரட்டிவிட்டீர்கள்.

"நம்மூர்துதானுங்க!" என்றீர்கள், அவ்வளவு சந்தோஷமாக.

அவர் துள்ளித் திரும்பினார். "யோவ் பெருசு, என்னய்யா பண்ற? கழுத்துல கைய வைக்கிற?" என்று தன் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்க, துணி பாத்தனுங்க…"

"துணி பாக்க நான் என்ன ஜவுளிக்கடையா?"

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். நான் ஓடிவந்து உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நின்று சொன்னேன்: "மன்னிச்சுக்கங்க சார். வயசானவரு. அவருக்குக் கொஞ்சம் மறதி."

நாங்கள் திருப்பூர், பனியன் வேலை செய்கிறவர்கள் என்று சொல்லியிருந்தாலே போதும். எனக்கு உடனே வேலை செய்கிற ஒரு சொல் தேவைப்பட்டது. அது உடனே வேலை செய்தது. "அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? பெரியவரத் தனியா விடாதீங்க" என்று தன் டீயை அவரே உங்களிடம் நீட்டினார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டீர்கள். என் பக்கம் திரும்பவில்லை.

வண்டி கிளம்பியது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துவந்தீர்கள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டீர்கள்: "ஏனுங்கம்மா, நீங்க யாருங்க? என்னைய எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?"

மதி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்புச்சிக்கு மறதி வந்துருச்சு!" என்று கத்தினாள். நானும் சிரித்தேன். என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

அன்று முழுவதும் அந்த விளையாட்டுத்தான். மதியம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி அம்மா தக்காளிச் சாதம் செய்தாள். "இந்தம்மா நல்லா சமைக்குதே, எந்த ஊருங்க?" என்று கேட்டீர்கள். "உங்களக் கட்டிக்கிட்டு வந்து மாட்டிக்கிட்டேனே, அந்த ஊருதானுங்க" என்றாள் அம்மா. உங்கள் மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது.

மாலையில் ராமேஸ்வரத்துக்கு முந்தைய மண்டபம் ஊருக்கருகே கடலோரம் தங்கினோம். மதி நனைந்து வந்தாள். வண்டிப் படியில் அவளை உட்காரவைத்துத் தலை துவட்டினீர்கள். துண்டை எடுத்ததும் உங்கள் விரல்கள் வழக்கம்போல அவள் பனியன் கழுத்தைப் புரட்டின. மஞ்சள் நாடாவைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "நாடா நல்லா வெச்சிருக்காங்க. யாரு கண்ணு தெச்சது?"

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்சம் பிந்தி. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு.

ஊர் திரும்பிய பிறகும் அந்த வேடிக்கை வீட்டில் தங்கிவிட்டது. நீங்கள் சந்தையில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தே வந்தால், "கேரவன் மறதி" என்போம். போன் செய்தால், "மறதிக்காரன் பேசறனுங்க" என்று நீங்களே ஆரம்பிப்பீர்கள். ஒரே மாத்திரையை இரண்டு முறை விழுங்கியபோதுகூட அம்மா திட்டினாள், நான் சிரித்தேன். உங்கள் கத்திரியையே எதிரில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று நீங்கள் கேட்ட நாளில்தான் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போலருந்து இப்படி?" என்பது. அம்மா என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். முன்பே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று நான் கேட்டேன். குணமாகாது, கொஞ்ச காலம் மெதுவாகப் போயிருக்கலாம் என்றார் அவர்.

ஒரு வார்த்தை சொல்வதால் வியாதி வராது என்பது எனக்குத் தெரியும். ஜாதகம், கண்ணேறு எதையும் நம்பாதவள் நான். நீங்களே அதற்காக என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். அந்தச் சொல் உங்களுக்கு எதையும் வரவழைக்கவில்லை. வந்ததை மறைத்துவைத்தது, அதுதான் நடந்தது. நீங்கள் நடிக்கிறீர்கள் என்று மற்றவர்களைவிட நான் அதிகமாக நம்பினேன். நடிப்பு என்றால்தானே டீக்கடையில் நடந்தது தீர்ந்துபோன விஷயம்? நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று நம்புவதற்காக உங்கள் மறதியை விளையாட்டாகவே வைத்துக்கொண்டேன்.

கடைசி மாதங்களில் உங்களுக்கு என் பெயர் தெரியவில்லை. தலையணை மாற்றக் குனிந்தால், விரல்கள் மட்டும் எழுந்து என் சுடிதார் கழுத்தைத் தேடும். புரட்டிப் பார்த்து, "பரவால்லீங்க" என்பீர்கள். யாரோ ஒரு பெண்ணிடம் சொல்கிற மரியாதையோடு. டீக்கடைக்காகவும் அதற்குப் பிறகு சிரித்ததற்காகவும் உங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அப்போதெல்லாம் நினைத்தேன். எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதே என எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிடுவேன்.

உங்கள் காரியம் முடிந்த பிறகும் அந்தக் கடலோர மாலைப்பொழுதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் பிந்திச் சிரித்த அந்த இடைவெளியில் எங்கள் முகங்களில் எதைத் தேடினீர்கள்? அது நடிப்பா, ஆரம்பமா? மதியிடம் ஒருமுறை கேட்டேன். அவளுக்குக் கடல்தான் நினைவிருக்கிறது. இனி யாரிடமும் கேட்க முடியாது.

ஆனால் இன்று இந்த ஈரத்துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேறொன்று உறைத்தது. அன்று நாடாவைத் தடவி நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. சிரிக்கத்தான் செய்தோம். நடிப்போ நிஜமோ, இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்வதற்கு எனக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கையைப் பிடித்து அந்த நாடாமேல் வைத்திருந்தால் போதும்.

துணியை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். இனி இதைக் கொண்டு எதையும் துடைக்க மாட்டேன். கழுத்து வெளிப்பக்கமாகப் புரண்டு, மஞ்சள் நாடா வெயிலில் காய்கிறது.

நீங்கதானுங்கப்பா. நீங்கதான் தெச்சீங்க.