காயம்பட்ட பன்றிக்குப் பின்னால் போனவனுக்கு

என்ர குஞ்சுத் தம்பிக்கு,

நீ போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அழுது முடித்துவிட்டேன், இப்போது உன்மேல் கோபம்தான் வருகிறது. இங்கே கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் முதல் ஸ்னோ கொட்டிக் கிடக்கிறது, தள்ள மனமில்லை. உன்னைத் திட்டுவதைத் தவிர வேறு வேலை ஓடவில்லை.

ஜெர்மனியில் வேட்டை லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து, போன் போட்டு அந்தச் சட்டமெல்லாம் எனக்கு ஒப்புவித்தவன் நீதானே? பரணில் அசையாமல் இருக்க வேண்டும், காற்று பன்றியிடமிருந்து உன் பக்கம் வீச வேண்டும், இருட்டில் நிற்பது என்னவென்று திடமாய்த் தெரியாமல் வெடி வைக்கக்கூடாது, குட்டிகளோடு நிற்கும் தாயைத் தொடவே கூடாது. "காயம்பட்ட பன்றிக்குப் பின்னால மட்டும் இருட்டில போகேலாதக்கா. விடிஞ்சாப் பிறகு நாயோட ஆள் வரும்" என்றாய். நானும் வெண்டைக்காய் நறுக்கியபடி "ஓம், ஓம்" என்று கேட்டேன்.

பிறகு ஏனடா, உன் வெடி பட்ட பன்றி சோளத்துக்குள் ஓடினதும் அந்த இருட்டில் பரணை விட்டு இறங்கினாய்?

பங்கு இறைச்சிக்கு வந்து காருக்குள் குந்தியிருந்த உன் கூட்டாளிமார் போனில் சிரித்தார்களாம். "வன்னிக் காட்டில நெற்றி லைற்றோட பன்றி அடிச்சவனுக்கு உந்தச் சோளத்துக்க போகப் பயமோ?" அவ்வளவுதான், என் தம்பிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பன்றி உன் தொடையைக் கிழித்துவிட்டது. ஆட்கள் தேடி வருவதற்குள் இரத்தமெல்லாம் போய்விட்டது. அந்த இறைச்சியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, சரி என்ற பிறகுதான் ஒரு துண்டாவது வாயில் வைக்கலாம் என்றும் நீதானே சொன்னாய்? அறுவாங்களுக்கு அப்படியென்ன அவசரம்?

நேற்று அவர்களில் ஒருவன், சிவம், கூப்பிட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உன் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு வரி எழுதி வைத்திருக்கிறானாம். "அக்கா, 'அஞ்சாமல் பன்றியோடு பொருதிய வீரன்' எண்டு போடுவம்."

"நீங்கள் சிரிச்சதையும் சேர்த்துப் போடுவமோ?" என்றேன்.

"எல்லாம் விதி அக்கா."

விதியாம் விதி! போனை வைத்துவிட்டேன்.

உன் மகள் துளசிக்கு அடுத்த மாதம் வேட்டைப் பரீட்சை. "அப்பாவின்ர பரணில நான் இருப்பன், மாமி" என்கிறாள். அவளை மறிக்க என்னால் ஏலாது, உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. ஆனால் அப்பா வீரன் என்று படித்துவிட்டு ஏறுகிறவள், யாராவது சிரித்தால் இறங்கியும் விடுவாளே?

கல்வெட்டை ஸ்காபரோவில் அச்சுக்குக் கொடுப்பது நான். அதில் இந்தக் கடிதம்தான் வரும், சத்தியம் ராசா. சட்டம் எல்லாம் தெரிந்தும் கேலிக்குப் பயந்து நீ இறங்கினாய் என்று உன் பிள்ளை படிக்கட்டும். அவளுக்கும் உன்மேல் கோபம் வரட்டும். உயிரோடு இருந்து கோபிக்கட்டும்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன்ர ஒரே அக்கா