சுளகில் நின்றவை

என் உயிரில் பாதியானவருக்கு,

உங்கள் கட்டுரை அரங்கேறிவிட்டது. அருப்புக்கோட்டை வாசகசாலையில், மதுரையிலிருந்து வந்த பௌதிகப் பேராசிரியர் முன்னிலையில், நானே வாசித்தேன்.

உங்கள் தங்கைதான் வாசலை மறித்தாள். "மதினி, அண்ணன் போயி இன்னும் வருசம் திரும்பல. மூலையில இருக்க வேண்டியவுக மேடை ஏறுனா ஊரு என்ன பேசும்?"

"ஒங்கண்ணனப் பத்திப் பேசட்டும். வழிய விடு தாயி" என்றேன். தானியம் புடைக்கும் சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

உயிர்களில் தாக்குப்பிடித்தவை நின்றன, மற்றவை அழிந்தன. அணுவுக்குள் இருக்கும் துகள்களுக்கும் அதுவே விதியாக இருக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது பருத்திக் கடையில் எத்தனை சிரிப்பு! "ஏலே, எலெக்ட்ரானுக்குத் தாய்மாமன் யாருலே?" இப்போது ஜப்பானில் அணுகுண்டு விழுந்துவிட்டது; அணு என்றாலே ஊர் காது கொடுக்கிறது. அன்று சிரித்தவர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள்.

வாசித்து முடித்ததும் பேராசிரியர் கேட்டார்: "பரிணாமத்துக்கு வாரிசு வேண்டுமே அம்மா. எலெக்ட்ரான் குட்டி போடுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அங்கே நான் தடுமாறியிருந்தால், நீங்கள் என்றைக்கும் இந்த ஊருக்கு வேடிக்கைதான்.

கொல்லையில் புடைத்துக்கொண்டே நான் உங்களைக் கேட்ட அதே கேள்வி! அன்று நீங்கள் என் சுளகைக் காட்டினீர்கள். நானும் அதையே செய்தேன். குதிரைவாலியைக் கொட்டி மேடையிலேயே புடைத்தேன்.

"பாருங்க ஐயா. பதர் பறக்குது, மணி நிக்குது. நிக்கிறதுக்கு மணி பிள்ளை பெத்துக்கிடணுமா? பறக்காமத் தாக்குப்பிடிச்சாப் போதும். கண்ணிமைக்குமுன்னே சிதையிற மெசான்ங்கிற துகள் பதரு. சிதையாத எலெக்ட்ரான் மணி."

"இதற்கு நிரூபணம்?"

"இல்லை. இருக்குன்னு அவுக எழுதியிருந்த வரியை நான் அடிச்சிட்டேன்."

மறுபடியும் சிரிப்பு. இம்முறை அது நம் பக்கம். கோட்டில் ஒட்டியிருந்த பதரைத் தட்டியபடி பேராசிரியர் எழுந்து கைகூப்பினார். உங்களுக்குத்தான் அந்தக் கும்பிடு. பெருமையில் என் முதுகு நிமிர்ந்தது. வளைய மறுக்கிறது, என்ன செய்ய?

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால், துகள்களைப் புடைக்கும் அந்தச் சுளகைப் பிடித்திருப்பது யாரம்மா?"

கடவுள் என்று கான்வென்ட்டில் கற்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது உங்கள் கட்டுரையில் இல்லை. நீங்கள் என்ன பதில் வைத்திருந்தீர்கள்? சொல்லாமலே போய்விட்டீர்களே.

கட்டுரை அச்சேறும்போது அந்தக் கேள்வியையும் கடைசியில் போடச் சொல்வேன். அதன் கீழே வெற்றிடம் இருக்கும். அதை யாரும் நிரப்ப விடமாட்டேன், என்னையும் சேர்த்து.

உங்கள் வரியை அடித்த கையால்,
உங்கள் மனைவி
கோமதி