சாய்த்துப் பார்க்காத டிவிடி

இன்று காலை பதினொன்றரை மணிக்கு உறுதியானது இது: என் பிரதியிலிருந்தும் எதையும் எடுக்க முடியாது. சொன்னவர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். மூன்று டிரைவில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மூன்றிலும் 'காலி டிஸ்க்' என்றே வந்தது.

அந்த டிவிடி உனக்கு நினைவிருக்கும். மேலே நீல மார்க்கரில் உன் கோணல் எழுத்து: 'கூட்டம், காப்பி 2'. பத்திரிகை ஆபீசின் பழைய குடோனைக் காலி செய்கிறார்கள் என்று போன வாரம் என் பெட்டிகளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நான்காவது பெட்டியில் இருந்தது. நீ தேடச் சொன்னபோது நான் இரண்டு பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் ஊரில் கடற்கரைக்குப் போகும் பாதையையும் சேர்த்து வளைத்துப்போட ஒரு கம்பெனி வந்தது. ஊராரிடம் கருத்துக் கேட்கப் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். நான் நோட்டோடு முன்வரிசையில், நீ கேமராவோடு ஓரத்தில். மீன் விற்கும் ஒரு அம்மாவிடமிருந்து அதிகாரி மைக்கை வாங்கப் பார்த்தார். அவள் விடவில்லை. "பாதைய அடைச்சிட்டா வலையத் தூக்கிக்கிட்டுப் பறந்தா போவோம்? நீரு மொதல்ல பறந்து காட்டும் சார்வாள், நாங்க பின்னால வாரோம்." பந்தலே சிரித்தது. நீயும் சிரித்ததில் கேமரா ஆடியது. "படம் ஆடிட்டு. ஆடுனா ஆடட்டும்லே, அதுவும் சாட்சிதான்" என்றாய்.

அன்று மாலை டிஸ்க் வாங்கியது நான். கடை அண்ணாச்சி இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று தனித்தனி உறையில், நல்ல கம்பெனி. இன்னொன்று ஐம்பது டிஸ்க்கை நடுக்கம்பில் கோர்த்த டப்பா, கேள்விப்படாத பெயர். "கல்யாண வீடியோவுக்கு எல்லாரும் இதத்தான் வாங்குதாங்க" என்றார். நான் டப்பாவைக் கையில் எடுத்தேன். நீ ஒரு டிஸ்க்கை உருவித் திருப்பிப் பார்த்தாய்.

"மலிவு மாலுலே. எத்தன வருசம் நிக்கும்னு எவனுக்குத் தெரியும்?"

"ரெண்டு காப்பி எடுத்துருவோம். ரெண்டுமா ஒண்ணாப் போயிரும்?"

எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்டு எழுதுகிறவன் நான். முதல் ஆள் சொல்லித்தான் இரண்டாவது ஆளுக்கே தெரியும் என்றால் அதை இரண்டாகக் கணக்கில் எடுக்கமாட்டேன். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு டிஸ்க் மட்டும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது.

உன் ஸ்டுடியோவில் இரண்டையும் எழுதினாய். என் பிரதியை மட்டும் போட்டுக் காட்டினாய். அந்த அம்மா பேசுவதும் கேமரா ஆடுவதும் தெரிந்தது. "ஓடுது, போதும்" என்று நான்தான் எழுந்தேன். ஊர்ப் பிரதியைக் கவரில் போட்டு ஒட்டி, ஊர்க் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் கையெழுத்திட்டு, அவர்கள் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கேமரா டேப்பில் நீ அடுத்த திங்கள்கிழமையே ஒரு கல்யாணத்தை எடுத்தாய். வீடியோக்காரர்கள் அப்போது எல்லோரும் செய்ததுதான்.

சில வருஷம் கழித்து வேலி போட ஆள் வந்தார்கள். கையில் கூட்டத்தின் அறிக்கை இருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கமிட்டி ஆபீசில் ஊரே கூடியது. கவரைப் பிரித்து டிவிடியை லேப்டாப்பில் போட்டார்கள். இரண்டு முறை சுற்றிவிட்டு, 'காலி டிஸ்க்' என்று வந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, எம்புட்டு வாங்குன?"

"பொறந்த ஊர விக்க நான் என்ன நாயா? இவன் பாத்தாம்லே, கேளுங்க" என்று நீ என்னைக் காட்டினாய்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "நான் பாத்தது என் காப்பிய. இது அன்னைக்கே எழுதுனதுதானான்னு என்னால உறுதி செய்ய முடியாது."

அதில் பொய் இல்லை. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நீ என் கையைப் பிடித்தாய். "உறுதி செய்ய முடியாதுன்ன, சரி. இவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல என்னலே கேடு? போ, உன் காப்பியத் தேடு. அதுல இருக்கும்." தேடுகிறேன் என்றேன். எவ்வளவு தேடினேன் என்று மேலேயே எழுதிவிட்டேன். இரண்டு பெட்டியோடு ஏன் நிறுத்தினேன் என்பதையும் எழுத வேண்டும். நீ விற்றிருப்பாய் என்று எனக்கும் தோன்றியிருந்தது.

ஊர் போட்ட வழக்கு நிற்கவில்லை. வேலி நின்றது. யாரும் உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. நீ துறைமுகத்துப் பக்கம் லாரி எடை போடும் வேலைக்குப் போனாய். தண்ணீர்க் குழாயடியில் உன் மனைவியிடம், "ஏளா, ஒன் வீட்டுக்காரன் நம்ம கடக்கரைய என்ன வெலைக்குப் போட்டான்?" என்று கேட்டார்களாம். போன வருஷம் நெஞ்சுவலியில் போனாய். ஊரில் எத்தனையோ அடக்கத்துக்குக் கேமரா தூக்கியவன் நீ. உன் அடக்கத்தை யாரும் எடுக்கவில்லை. கல்லறை வாசலில் உன் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த இன்னொரு டிவிடி கெடச்சுதா அண்ணாச்சி?"

இன்று பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் சொன்னேன்: "இது ஓடுனத நான் கண்ணால பாத்திருக்கேன்."

"ஓடியிருக்கும் சார். மலிவு டிஸ்க்குல உள்ள இருக்க சாயம் நாளாக நாளாக வெளுத்துரும். நம்ம ஊரு வெக்கைக்கும் உப்புக் காத்துக்கும் கேக்கவே வேண்டாம். டிரைவு படிக்க முடியலன்னா காலின்னு சொல்லிரும்." பிறகு டிஸ்க்கைக் கவிழ்த்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். "ஆனா எழுதுனது எழுதுனதுதான். இங்கன பாருங்க, வளையம் தெரியுதா? உள்பக்கம் ஒரு நெறம், வெளிப்பக்கம் ஒரு நெறம். எழுதாத டிஸ்க்குன்னா முழுசும் ஒரே நெறமா இருக்கும்."

தெரிந்தது. எழுதிய இடம் விளிம்புக்கு ஒரு விரல் அகலம் முன்னால் முடிந்து, கோடு போட்டதுபோல் இருந்தது.

அன்று கமிட்டி ஆபீசில் லேப்டாப்பிலிருந்து எடுத்த டிவிடியை முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். வெளியே நல்ல வெயில். நான் அதைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஊர்ப் பிரதி இப்போதும் அந்த அலமாரியில் இருக்கிறது என்று கமிட்டிச் செயலாளர் மதியம் போனில் உறுதி செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதில் வளையம் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். உன் மனைவிக்கும் போன் செய்து விவரத்தைச் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி வளையம்? ஊருக்குக் காட்டுங்க. அப்படியே நீங்களும் பாத்துக்கிடுங்க."

போனை வைத்துவிட்டாள். ஞாயிறுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. என் பிரதி பையிலேயே இருக்கிறது. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டேன்.