கட்டிலில் காயும் புல்

மர்வா அத்தாவுக்கு,

நானும் மர்வாவும் பூந்தமல்லிக்கு, அம்மா ஊட்டுக்குப் போறோம். சாயங்காலம் வந்துடுவோம். சோறும் மீன் கொழம்பும் மூடி வெச்சிருக்கேன்.

காலையில மழையோட ஏரிக்கரையில அறுத்துக்கினு வந்த புல்லு நம்ம கட்டில்ல, ஃபேனுக்கு அடியில, தார்ப்பாய் மேல காயுது. நீங்கதான் ராத்திரி கோச்சிக்கினு ஹால்ல போய்ப் படுத்துட்டீங்களே! உங்க பக்கம் சும்மாதானே கீதுன்னு விரிச்சுட்டேன்.

நேத்து மாதிரி தண்ணி சொட்டச் சொட்ட சுல்தானா மாட்டுக்குப் போட்டுடாதீங்க. வயிறு உப்பிக்கினு சுல்தானா பட்ட பாட்டை நீங்களும்தானே பார்த்தீங்க? தொட்டுப் பாருங்க. ஈரம் போய்த் துவண்டிருந்தா, வைக்கோலோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா போடுங்க.

அதுக்காகப் பக்கத்து ஊட்டு அண்ணன் எதிர்ல உங்கள கத்துனேன்னுதானே கோவம்? இன்னைக்கு ஒழுங்கா தீனி போடுங்க, அவர் எதிர்லயே உங்களப் புகழ்ந்துடறேன்.

நசீம்

மறந்துட்டேன்: கரண்ட் மிச்சம் பண்றேன்னு ஃபேனை நிறுத்திடாதீங்க.

இன்னொண்ணு: புல்லு இன்னைக்கே தீர்ந்துடணும். நாளைக்கும் உங்க எடத்துல புல்லு விரிக்க எனக்கு மனசில்ல.