செல்விக்குப் போட்ட அறுபது கையெழுத்து

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மண்டி மொஹல்லா சந்து முழுக்கச் சேறு. வியாபாரம் மந்தம். மோட்டார் சுற்ற காப்பர் கம்பி இரண்டு சுருள் ஆர்டர் சொல்ல வேண்டும்.

பதினொரு மணிக்குக் கல்லூரி பிரின்சிபால் போன். செல்வி செத்துப்போனாள். ஹனூர்ப் பெண், போன வருடம் நம் சமுதாயக் கல்லூரியில் மோட்டார் ரிப்பேர் கோர்ஸ் முடித்தவள். ரிப்பேருக்குப் போன ஏதோ ஹாஸ்டலில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்திருக்கிறாள், மெயினை அணைக்காமல். ஷாக். முப்பத்தொரு வயது.

அணைத்துவிட்டுத் தொடு. என் கடையில் முதல் நாள் பாடமே அதுதான். அவளுக்கு யார் சொன்னது?

ஜூலை 9, புதன்
மழை விடவில்லை. தூக்கமில்லை.

கல்லூரி விதி: ஆறு மாதம் வகுப்பு, அறுபது நாள் கடையில் வேலை. கடைக்காரர் தினமும் நோட்டில் கையெழுத்து.

அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு கோடவுனில் தொடங்கிய கல்லூரி. முதல் பேட்ச் நாங்கள், பதினோரு பேர். ஒர்க்‌ஷாப் கட்ட வழியில்லை; வியாபாரிகளின் கடைகள்தான் ஒர்க்‌ஷாப். அறுபது நாளும் போனேன், திட்டு வாங்கினேன், தொழில் வந்தது. பிறகு கல்யாண மண்டப மாடி. இப்போது சாமராஜநகர் ரோட்டில் சொந்தக் கட்டடம், ஹனூரில் கிளை. ஒர்க்‌ஷாப்பும் உண்டு, ஷட்டர் போட்டபடி. கரண்ட் இன்னும் இழுக்கவில்லை.

எப்போது என்று தெரியாது, கடைக்காரர்கள் அறுபதையும் ஒரே மூச்சில் போட ஆரம்பித்தோம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். செல்விக்கும் அப்படித்தான். “கார்மெண்ட்ஸ்ல லீவு குடுக்க மாட்டேங்கறாங்கண்ணா.” உதவி செய்கிறேன் என்று நினைத்தேன்.

ஜூலை 10, வியாழன்
பிரின்சிபால் நேரில். கையில் செல்வியின் பழைய நோட்டு, ஒரு வெற்று நோட்டு.

“என்னண்ணா இது, எட்டு ஞாயித்துக்கிழமைக்கும் கையெழுத்து! ஞாயிறு உங்க கடையே கிடையாதே.”

“அன்னைக்கே பாத்திருக்கலாமே சார்.”

“யாரு பாக்கறாங்க? சனிக்கிழமை விசாரணை. இதுல ஸ்வல்ப சரியா போட்டுக் குடுங்க, ரெண்டு மூணு பேனா மாத்தி. இல்லாட்டி மூடிருவாங்க. நீங்க படிச்ச காலேஜுண்ணா.”

பயிற்சி எடுத்தவள், அவள் அஜாக்கிரதை என்கிறது ஹாஸ்டல். அதற்குச் சாட்சி என் கையெழுத்து.

சாயங்காலம் இருபத்திரண்டு நாள் வரை போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
செல்வியின் புருஷன் முருகேசன் கடைக்கு வந்தான். சென்ட்ரிங் வேலை. உட்காரச் சொன்னேன், நின்றான்.

“நல்லா கத்துக்கிட்டு அசால்ட்டா செஞ்சுட்டான்னு எழுதறாங்களாமுங்க. அவ எங்கீங்க கத்துக்கிட்டா? அந்த ரெண்டு மாசமும் கார்மெண்ட்ஸ் போனவ. உங்களுக்குத் தெரியுமில்லீங்ணா. சொல்லிருங்ணா.”

“சொன்னா எம்பேரு கெட்டுரும் முருகேசா.”

“அவ பேரு கெட்டுப்போச்சுங்களே.”

புது நோட்டு மேஜை மேலேயே கிடந்தது. எடுத்து டிராயரில் தள்ளினேன். பார்த்திருப்பான்.

ஜூலை 12, சனி
வெயில். கல்லூரியில் விசாரணை, மூன்று அதிகாரிகள். வெற்று நோட்டை எடுத்துப் போகவில்லை.

“எத்தனை நாள் வந்தாங்க?”

“ஒரு நாள். கையெழுத்து வாங்க.”

பிரின்சிபால் தலை தூக்கவில்லை. இரண்டு இடத்திலும் சேர்க்கை நிறுத்தம். முருகேசன் வாசலில் நின்றிருந்தான். வெளியே இரும்புக்கடைக்காரர்: “பெரிய உத்தமன்! அப்ப நாங்க போட்டதுக்கெல்லாம் யாருய்யா பதில் சொல்றது?”

வீடு வரை அந்தக் கேள்விதான். கணக்குப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் நான் போட்டுக் கொடுத்தவர்கள் செல்வியைத் தவிர பதினான்கு பேர். ஒன்பது பேர் நம்பர் இருக்கிறது. கடைக்கு வரச் சொல்ல வேண்டும், முதல் நாள் பாடத்துக்கு.

முதலில் ராஜு. கொள்ளேகால், போர்வெல் மோட்டார் வேலை.

ரிங் போகிறது. எடுக்கவில்லை.

மறுபடி போட்டேன்.